மறுக்க முடியாதவர்களைத்தான் படம் எடுக்கிறோமா?

கடைசி இருக்கை எழுதியது:

சுயாதீன ஆவணப்பட விழா ஒன்றின் நிகழ்ச்சி நிரலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். இடம்பெயர்ந்தோர், சுரங்கத் தொழிலாளர், சிறைக் கைதிகள், மனநலக் காப்பகம், போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், மறுபடியும் இடம்பெயர்ந்தோர். தனித்தனியே எல்லாம் நல்ல படங்களாகவே இருக்கலாம். மொத்தமாகப் பார்க்கும்போதுதான் உறுத்துகிறது. இந்த வரிசையில் வங்கித் தலைவர் எங்கே? ஆயுதம் விற்பவர் எங்கே? சுரங்கத் தொழிலாளியின் சமையலறை வரை போகிற கேமரா, சுரங்க முதலாளியின் சாப்பாட்டு மேசைக்கு ஏன் போவதில்லை?

எனக்குத் தோன்றும் விடை அவ்வளவு இதமானது அல்ல. ஏழை வீட்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அவருக்குச் செய்தித் தொடர்பாளர் இல்லை, வக்கீல் இல்லை. வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை. சொல்லலாம் என்பதே பல சமயம் தெரியாது. அதனால் அவர் கருப்பொருள் ஆகிவிடுகிறார். அதற்குச் சமூக அக்கறை என்று நாம் பெயர் சூட்டிவிடுகிறோம்.

ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் மும்பைக் குடிசைவாசிகளைப் பற்றி 1985இல் எடுத்த ‘ஹமாரா ஷஹர்’ படத்தில் குடிசைப் பெண் ஒருத்தி கேமராவுக்குப் பின்னால் நிற்பவரைப் பார்த்தே சீறுவாள். எங்களைப் படம் பிடித்து நீ பேர் வாங்கப் போகிறாய், எங்களுக்கு என்ன ஆகப் போகிறது என்ற தொனியில். பட்வர்தன் அதை வெட்டி எறியாமல் படத்திலேயே வைத்தார். பாராட்டலாம். ஆனால் அவள் கேட்டதற்கு 40 ஆண்டுகளாக யார் பதில் சொன்னோம்?

---

பழுப்புச் சுருள் எழுதியது:

நாற்பது ஆண்டு என்று குறைத்துச் சொல்கிறீர்கள். இந்த வழக்கு நூறு ஆண்டுக்கு மேலாக நடக்கிறது.

முழுநீள ஆவணப்படங்களின் தொடக்கமாக எல்லோரும் காட்டுவது ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டியின் ‘நானூக் ஆஃப் தி நார்த்’, 1922. அதில் நானூக்காக வருபவரின் உண்மைப் பெயர் அல்லகரியல்லக். அவர் மனைவியாக வருபவர் மனைவி அல்ல. ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனூயிட் மக்களிடம் அந்தக் காலத்திலேயே துப்பாக்கி இருந்தது. படத்தில் ஈட்டியால் வேட்டையாடுகிறார்கள். பனிக்குடிலுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று ஒரு பக்கச் சுவரே இல்லாத குடிலைக் கட்டி, குளிரில் நடுங்கிக்கொண்டு குடும்பம் தூங்கி எழுவதுபோல் நடித்தது. செலவு முழுவதும் ஒரு ஃபர் தோல் வணிக நிறுவனத்துடையது. யார் தோல் வாங்குகிறார்களோ அவர்களே வேட்டைக்காரனின் கதைக்கும் காசு கொடுத்தார்கள்.

ஆனால் இதே ஃப்ளாஹெர்ட்டி, எடுத்த துண்டுகளை அங்கேயே கழுவி, தன் குடிலிலேயே அந்த மக்களுக்குப் போட்டுக் காட்டினார். அடுத்து என்ன எடுக்கலாம் என்று அவர்களும் யோசனை சொன்னார்கள். வெள்ளோட்டக் காட்சியில் வால்ரஸ் என்ற தந்தமுள்ள கடல் விலங்கை இழுக்கும் காட்சி ஓடியபோது பார்த்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள் என்பது அவரே சொன்ன செய்தி. இன்றைக்கு எத்தனை பேர் தங்கள் ரஷ்ஷை, அதாவது தொகுக்காத காட்சிகளை, படத்தில் இருப்பவர்களிடம் காட்டுகிறார்கள்? பொய் சொன்னவன் என்று நாம் ஏசும் ஆள் செய்ததைக்கூட, உண்மையின் காவலர்கள் செய்வதில்லை.

காசு எங்கிருந்து வருகிறதோ கருப்பொருளும் அங்கிருந்தே வரும் என்பார்கள். எப்போதும் அப்படியில்லை. லூயி புனுவல் 1933இல் ஸ்பெயினின் வறண்ட மலைக்கிராமங்களைப் பற்றி ‘ரொட்டியில்லா நிலம்’ எடுத்தது நண்பர் ரமோன் அசினின் லாட்டரிப் பரிசில். பரிசு விழுந்தால் உன் படத்துக்குத் தருகிறேன் என்றிருந்தாராம்; விழுந்தது, தந்தார். அதைவிடச் சுதந்திரமான பணம் எவருக்கும் வாய்த்திருக்காது. ஆயினும் அந்தப் படத்தில் மலையிலிருந்து ஓர் ஆடு ‘தவறி’ விழும்போது, சட்டகத்தின் ஓரத்தில் துப்பாக்கிப் புகை தெரிகிறது. பணம் தூய்மையாக இருந்தால் படமும் தூய்மையாக இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு அந்தப் புகையைக் காட்டுவது என் வழக்கம்.

---

வழக்குரை எழுதியது:

> ஏழை வீட்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது

தாழ்ப்பாள் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆவணப்பட இயக்குநர் ஃபிரெடரிக் வைஸ்மன் சட்டம் படித்தவர், சட்டம் கற்பித்தவர். 1966இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரிட்ஜ்வாட்டர் சிறை மருத்துவமனைக்குள், அதிகாரிகளின் அனுமதியோடு நுழைந்து ‘டிட்டிகட் ஃபாலீஸ்’ எடுத்தார். அதில் ஒரு காட்சி: சாப்பிட மறுக்கும் நோயாளிக்கு மூக்கு வழியாகக் குழாய் செருகி உணவு ஊற்றுகிறார்கள். ஊற்றும் மருத்துவரின் வாயில் சிகரெட். சாம்பல் நீண்டு, புனலுக்கு நேர்மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது விழுமா, அப்போது விழுமா என்று நமக்குப் பதறுகிறது. அவருக்கு அந்த நினைப்பே இல்லை.

படம் 1967இல் வெளிவந்ததும் மாநில அரசு நீதிமன்றம் போனது. எந்தக் காரணம் சொல்லி? நோயாளிகளின் அந்தரங்கம் பாதிக்கப்படுகிறதாம்! நிர்வாணமாக அறையில் அடைத்துவைத்தபோது வராத அந்தரங்கக் கவலை, அதை ஊர் பார்க்கப் போகிறது என்றதும் வந்துவிட்டது. மருத்துவர், வழக்கறிஞர், சமூகப் பணியாளர் போன்றவர்கள் மட்டும் பார்க்கலாம் என்ற நிலையில் படம் கிடந்தது. பொதுமக்கள் பார்ப்பதற்கான தடை விலகியது 1991இல்.

ஆகவே ‘மறுக்க முடியாதவர்களைப் படம் எடுக்காதே’ என்ற விதியை வைத்தால், அதை முதலில் கையில் எடுப்பது காப்பகத்தின் கண்காணிப்பாளராகத்தான் இருக்கும். பாவப்பட்டவனின் பெயரைச் சொல்லிக் கதவைச் சாத்துவார்.

---

கடைசி இருக்கை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதி. சம்பந்தப்பட்ட நோயாளிகளுக்கு அந்தரங்கம் இல்லை என்று ஆகிவிடாதே. அரசு கெட்ட எண்ணத்தோடு சொன்னாலும் சொன்ன வாதம் உண்மையாக இருக்கலாம். வைஸ்மனுக்கு அனுமதி தந்தவர் கண்காணிப்பாளர்; படத்தில் அம்மணமாக நிற்பவன் வேறொருவன். இந்த இடைவெளியைத்தான் நான் கேட்கிறேன்.

---

வெட்டுமேசை எழுதியது:

படத்தொகுப்பாளராகச் சொல்கிறேன். யாரைப் படம் எடுக்கிறோம் என்பதைவிட, எவ்வளவு காலம் எடுக்கிறோம் என்பதே எனக்குப் பெரிய கேள்வி. கருப்பொருள் பெரும்பாலும் மேசையில்தான் பிறக்கிறது. வெளியே போகும்போது கையில் இருப்பது ஓர் ஊகம் மட்டும்.

‘ஹூப் ட்ரீம்ஸ்’ அரைமணி நேரத் தொலைக்காட்சிப் படமாகத் திட்டமிடப்பட்டது. கூடைப்பந்து ஆடும் இரண்டு சிறுவர்கள், அவ்வளவே. ஐந்து ஆண்டு ஓடி, 250 மணி நேரத்துக்கு ஃபுட்டேஜ் சேர்ந்து, 1994இல் வந்தபோது அது கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். அதற்குள் பள்ளி, பணம், தந்தையின் போதை, மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீடு எல்லாம் வந்துவிட்டன. அரைமணி நேரத்தோடு நின்றிருந்தால், திறமையான ஏழைச் சிறுவர்கள் என்ற ஒற்றை வரிப் படம் கிடைத்திருக்கும். நீங்கள் அந்த விழா நிரலில் படித்தது பெரும்பாலும் அந்த ஒற்றை வரிகளைத்தான்.

‘ஹனிலேண்ட்’ (2019) இன்னும் வேடிக்கை. வட மாசிடோனியாவில் தனியாகத் தேன் எடுக்கும் பெண்மணி. மூன்று ஆண்டு, 400 மணி நேர ஃபுட்டேஜ். அவர் பேசும் பழைய துருக்கிய வட்டார வழக்கு இயக்குநர்கள் இருவருக்குமே புரியாது. முதல் கட்டத் தொகுப்பை ஒலியே இல்லாமல், முகத்தையும் கையையும் பார்த்தே செய்தார்கள். ‘பாதி உனக்கு, பாதி எனக்கு’ என்று தேனீக்களுக்குப் பங்கு வைக்கும் அந்தப் பெண்ணின் கணக்கை, பக்கத்தில் வந்து குடியேறிய குடும்பம் மீறுவதுதான் படமே. அதைப் புறப்படும்போதே எழுதி யாரிடமும் நிதி கேட்டிருக்க முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், என் தொழிலின் அழுக்கு அது. ஒருவர் இன்று பேசிய வாக்கியத்தின் முன்பாதி, போன மாதம் பேசியதன் பின்பாதி. இரண்டையும் ஒட்டி, ஒட்டுத் தெரியாதபடி நடுவில் அவர் கை மோதிரத்தைத் திருகும் குளோசப்பைச் செருகினால், அவர் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுவார். பார்ப்பவர் அந்தக் கையைப் பார்த்து ‘எவ்வளவு நுட்பமான ஷாட்’ என்பார். ஆவணப்படத்தில் கைகளும் ஜன்னல்களும் தேநீர்க் கோப்பைகளும் அடிக்கடி வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். எல்லா இடத்திலும் அப்படி அல்ல, ஆனால் சந்தேகப்படுங்கள்.

---

இரண்டாம் காட்சி எழுதியது:

அதிகாரத்தின் கதவு திறக்காது என்பது முழுக்கச் சரியல்ல. மூன்று விதத்தில் திறந்திருக்கிறது.

ஒன்று, ஏமாற்றி. க்ளோத் லான்ஸ்மனின் ‘ஷோவா’ (1985), நாஜிகளின் யூதப் படுகொலை பற்றி ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம், ஒரு துண்டு பழைய காட்சிச் சுருள்கூடக் கிடையாது. திரெப்லிங்கா வதைமுகாமில் பணியாற்றிய ஃபிரான்ஸ் சூஹோமெல் என்ற எஸ்.எஸ். (நாஜிப் படை) ஆள், என் பெயரைப் போடாதீர்கள் என்று கேட்கிறார். போடமாட்டேன் என்கிறார் லான்ஸ்மன். பெயர் திரையில் இருக்கிறது. மறைகேமராவில் எடுத்த, புள்ளி புள்ளியான கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த ஆள் முகாம் வரைபடத்தைக் கோலால் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்துகிறார். வாக்குத் தவறியது சரியா? சரி என்பேன், தயங்காமல். வழக்குரை அவர்கள் என்மேல் பாயலாம்.

இரண்டு, பெருமிதம். 1965-66இல் இந்தோனேசியாவில் நடந்த படுகொலைகளைப் பற்றி ஜோஷுவா ஓப்பன்ஹைமர் படமெடுக்கப் போனபோது, முதலில் பேசியது பாதிக்கப்பட்டவர்களிடம்தான். ராணுவம் மிரட்டியது. அப்போது அந்த மக்களே சொன்னார்கள்: கொன்றவர்களிடம் போய்க் கேள், அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அப்படியே ஆயிற்று. ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ (2012) படத்தில் கொலைகாரர்கள் தாங்கள் கொன்ற விதத்தைத் தாங்களே நடித்துக் காட்டுகிறார்கள், தங்களுக்குப் பிடித்த திரைப்பட பாணியில். யாரைப் படமெடுப்பது என்று தீர்மானித்தது இயக்குநர் அல்ல, ‘மறுக்க முடியாதவர்கள்’. கடைசி இருக்கை இதைக் கவனிக்க வேண்டும். இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள்: உள்ளூர்க் குழுவினர் பலருக்கும் ‘பெயரிலி’, ‘பெயரிலி’ என்றே வருகிறது. கொன்றவன் பெயரோடு இருக்கிறான். படம் எடுத்தவனுக்குப் பெயர் இல்லை.

மூன்று, அபூர்வமாக, ஒரு நல்ல மனிதர் நாற்காலியில் வந்து உட்கார்வது. ருமேனியாவில் 2015இல் நடந்த கேளிக்கை விடுதித் தீ விபத்தில், உயிர்தப்பியவர்களில் பலர் பிறகு மருத்துவமனைத் தொற்றால் செத்தார்கள். கிருமிநாசினியில் தண்ணீர் கலந்திருந்ததைக் கண்டுபிடித்தது ஒரு விளையாட்டு நாளிதழ். ‘கலெக்டிவ்’ (2019) அந்த நிருபர்களைப் பின்தொடர்ந்து, பாதியில் புதிதாக வந்த சுகாதார அமைச்சரின் அறைக்குள் போகிறது. அமைச்சரே கேமராவை உள்ளே விட்டார். அதிகாரிகளோடு அவர் நடத்தும் கூட்டங்களில் அவர் முகம் நாளுக்கு நாள் வாடுவதைப் பார்க்கலாம். நீங்கள் கேட்ட அதிகாரத்தின் அறை, இதோ.

---

வழக்குரை எழுதியது:

பாயவில்லை. ஆனால் லான்ஸ்மனின் உரிமம் எல்லோருக்கும் வாரிசுரிமையாகப் போவதில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். ஏமாற்றலாமா என்ற கேள்விக்கு, எதிரில் இருப்பவன் யார் என்பது பதிலின் முக்கால் பங்கு.

---

முதல் படம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த இழை என் வயிற்றில் கை வைத்துவிட்டதால் எழுதுகிறேன்.

முதியோர் இல்லம் ஒன்றில் என் முதல் ஆவணப்படத்தைத் தொடங்கியிருக்கிறேன். நிர்வாகம் அனுமதித்துவிட்டது. பெரும்பாலானவர்கள் தெளிவாகப் பேசிச் சம்மதித்தார்கள். ஒரே ஒருவர் மட்டும், மறதி நோய் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை. காலையில் கேமராவைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்கிறார், என்னை உட்காரவைத்து இலக்கணம் கேட்கிறார், தப்பாகச் சொன்னால் அதட்டுகிறார். மாலையில் ‘யார் நீ, எதற்கு என்னை எடுக்கிறாய்’ என்கிறார். மகள் வெளிநாட்டில். மின்னஞ்சலில் சம்மதம் அனுப்பிவிட்டார், ஒற்றை வரியில். படத்தின் உயிரே அந்த ஆசிரியைதான் என்று என் ஒளிப்பதிவாளர் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, அதனால்தான் பயமாக இருக்கிறது. காலையில் சொன்ன ‘சரி’ செல்லுமா, மாலையில் சொன்ன ‘வேண்டாம்’ செல்லுமா?

---

ஒலிக்கோல் எழுதியது:

தங்கையே, ‘வேண்டாம்’ செல்லும். அது எப்போது சொல்லப்பட்டாலும். அந்த நிமிடத்துக்கு மட்டுமாவது.

நான் ஒலிப்பதிவு செய்கிறவன், இதே கதையை வேறு கோணத்தில் பார்த்தவன். கேமராவை மக்கள் மறப்பதில்லை. கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. காலர் மைக்கை மறந்துவிடுவார்கள். ஒரு படப்பிடிப்பில் இடைவேளை விட்டார்கள். பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த பெண்மணி மைக்கோடு எழுந்து உள்ளே போய்த் தொலைபேசியில் தன் தம்பியோடு பேச ஆரம்பித்தார். கடன் சங்கதி, அழுகை. கேமரா நின்றுவிட்டது. என் ஹெட்ஃபோனில் எல்லாம் கேட்கிறது. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன், ரெக்கார்டரில் பச்சைக் கட்டங்கள் மட்டும் குதித்துக்கொண்டிருந்தன. பதிவை நிறுத்தினேன். ‘ஏன் நிறுத்தினாய், அதுதானே படம்’ என்று இயக்குநர் கடிந்துகொண்டார். அதுதான் படம் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். மைக் மாட்டும்போதே டிரான்ஸ்மிட்டரின் பொத்தானை அவர்கள் விரலாலேயே இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். ‘இது உங்கள் சாவி’ என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை. அதனால் நல்ல ஒலி சிலது போயிருக்கிறது. போகட்டும்.

உங்கள் ஆசிரியைக்குப் பொத்தான் உதவாது, அதை அவர் மறந்துவிடுவார். எனவே அவருக்குப் பதில் நீங்கள்தான் அந்தப் பொத்தான். முகம் சுளித்தால், கையை உதறினால், அணையுங்கள்.

---

வழக்குரை எழுதியது:

முதல் படத்துக்கு இரண்டு செய்தி.

மகள் அனுப்பிய ஒற்றை வரி உங்களை நாளைக்கு வழக்கிலிருந்து காப்பாற்றலாம் அல்லது காப்பாற்றாமல் போகலாம். அது அந்தந்த நாட்டுச் சட்டம். ஆனால் வேறொருவர் தரும் சம்மதம் அந்த மூதாட்டியின் சம்மதம் ஆகிவிடாது. மகளுக்குத் தொகுத்த சில காட்சிகளை அனுப்பி, பிறகு கேளுங்கள். பார்க்காமல் தரும் சம்மதத்துக்கு மதிப்புக் குறைவு.

இரண்டாவது, படிவத்தை மட்டும் நம்புகிறவர்களுக்கு. எரோல் மோரிஸின் ‘தி தின் ப்ளூ லைன்’ (1988) ராண்டல் ஆடம்ஸ் என்பவர் செய்யாத கொலைக்குத் தண்டனை அனுபவிப்பதைக் காட்டியது. அடுத்த ஆண்டே அவர் விடுதலையானார். ஒரு படம் ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன செய்துவிட முடியும்? வெளியே வந்த ஆடம்ஸ், தன் வாழ்க்கைக் கதையின் உரிமை தனக்கு வேண்டும் என்று மோரிஸ் மீதே வழக்குப் போட்டார். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகி, உரிமை அவருக்குத் திரும்பியது. நன்றிகெட்டவர் என்று சிலர் எழுதினார்கள். சிறையில் இருந்தபோது கையெழுத்துப் போட்டவர், வெளியே வந்தபின் அதே காகிதத்தை வேறு கண்ணால் படிக்கிறார், அவ்வளவுதான். அவர் கேட்டது எனக்கு நியாயமாகவே படுகிறது.

---

திரைமறைவு எழுதியது:

இவ்வளவு யோசித்தால் ஒருவரும் படமே எடுக்க முடியாது. ஆவணப்படம் எடுக்கிறவர்கள் சொத்தை விற்று, கடன் வாங்கி எடுக்கிறார்கள். படத்தில் இருப்பவர்களுக்குப் பணமும் கொடுக்க வேண்டும், ரஷ்ஷும் காட்ட வேண்டும், வேண்டாம் என்றால் வெட்டவும் வேண்டும் என்றால், விளம்பரப் படம் எடுக்கப் போகலாம். அங்கே வாடிக்கையாளர் சொன்னால் வெட்டுகிறோம், இங்கேயும் அதே கதை. பிறகு எதற்குச் ‘சுயாதீனம்’?

---

வெட்டுமேசை எழுதியது:

> படத்தில் இருப்பவர்களுக்குப் பணமும் கொடுக்க வேண்டும்

கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், படம் கெட்டுவிடவில்லை. ‘ஹூப் ட்ரீம்ஸ்’ குழு அந்தக் குடும்பத்தின் மின்கட்டணத்துக்கு உதவியது. படம் சம்பாதித்ததும் லாபத்தில் பங்கு தந்தது. ‘ஹனிலேண்ட்’ இயக்குநர்கள் அந்தப் பெண்மணி வேறு ஊரில் வீடு வாங்கிக்கொள்ள உதவினார்கள். பணம் கொடுத்தால் சாட்சி கெட்டுவிடும் என்பது செய்தியறை விதி. பேட்டிக்கு முன்னால் காசு கொடுத்தால் கெடும், சரி. ஐந்து ஆண்டு ஒரு வீட்டுக்குள் இருந்துவிட்டு, விளக்கு அணைந்தபோது இருட்டைப் படமாக்கிக்கொண்டு நிற்பதற்குப் பெயர் நடுநிலை என்றால், அந்த நடுநிலை எனக்கு வேண்டாம்.

---

திரைமறைவு எழுதியது:

பேசுவது எளிது. ஆஸ்கர் வரை போன படங்களாகவே பார்த்து உதாரணம் சொல்கிறீர்கள். ஐம்பது பேர் பார்த்து முடிந்துபோகும் படத்தில் எந்த லாபத்தில் பங்கு? ஹார்டு டிஸ்க் வாங்கின கடனில் பங்கு கேட்பார்களா?

---

நெறியாளர்: திரைமறைவு, வெட்டுமேசை இருவரும் தனிப்பட்ட தாக்குதலுக்குப் போவதற்கு முன் ஒரு மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

---

இரண்டாம் காட்சி எழுதியது:

திரைமறைவு சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. கருப்பொருளானவர் சொன்னபடி வெட்டினால், அமைச்சரைப் பற்றிய படத்தை அமைச்சர் வெட்டுவார். ஆனால் அந்த விதியை எல்லோருக்கும் ஒன்றாக வைக்க வேண்டும் என்று யார் சொன்னார்? மேலே இருப்பவனுக்கு வெட்டும் உரிமை தராதே. கீழே இருப்பவனுக்குக் கொடு. இதில் குழப்பம் என்ன?

குழப்பம் வரும் இடம் வேறு. ‘ரைட்டிங் வித் ஃபயர்’ (2021) நினைவிருக்கிறதா? தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் ‘கபர் லஹரியா’ என்ற செய்தி நிறுவனத்தைப் பற்றியது. ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. விருது விழாவுக்குச் சில நாள் முன்பு அந்த நிறுவனமே அறிக்கை வெளியிட்டது: படம் மனதைத் தொடுகிறது, ஆனால் எங்கள் பணியின் ஒரு பகுதியை மட்டும் எடுத்து அதையே நாங்கள் என்று காட்டுகிறது. இவர்கள் வாயில்லாப் பூச்சிகள் அல்ல, செய்தி எழுதுவதே தொழில். மறுக்கவும் தெரியும், அறிக்கை விடவும் தெரியும். தங்கள் கதையைத் தாங்களே சொல்லிக்கொண்டிருந்தவர்கள். மேலா கீழா என்ற என் விதி இங்கே எங்கே பொருந்துகிறது? எனக்கு விடை இல்லை. படம் பிடித்திருக்கிறது, அறிக்கையும் நியாயமாக இருக்கிறது.

---

பழுப்புச் சுருள் எழுதியது:

அதற்கு ஒரு பழைய மருந்து உண்டு. இப்போது யாரும் குடிப்பதில்லை.

1967. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் ஃபோகோ தீவு. மீன்பிடித்து வாழும் சிற்றூர்கள். அரசு, மக்களை அங்கிருந்து எழுப்பி வேறிடத்தில் குடியேற்றப் பார்க்கிறது. தேசியத் திரைப்பட வாரியத்தின் காலின் லோ அங்கே போகிறார். வழக்கமாக என்ன செய்வோம்? தீவின் துயரம் என்று ஒரு மணி நேரப் படம், சோகமான இசை, தலைநகரில் திரையிடல். லோ 27 சிறு படங்கள் எடுத்தார். ஒவ்வொன்றும் ஒரு மனிதர் அல்லது ஒரு கூட்டம் அல்லது ஒரு நிகழ்ச்சி பற்றியது. ஒருவர் சொன்னதையும் இன்னொருவர் மறுத்ததையும் வெட்டி ஒட்டி மோதவிடவில்லை. பேசியவரிடம் முதலில் காட்டி, அவர் சரி என்ற பிறகே அடுத்த ஊரில் திரையிடல். ஒரு கரையில் இருப்பவன் இன்னொரு கரையில் இருப்பவன் பேசுவதைத் திரையில் கேட்டான். படம் முடிந்ததும் விவாதம். கடைசியில் சுருள்கள் தலைநகருக்குப் போயின. மீன்வளத் துறை அமைச்சர் பார்த்துவிட்டுத் தன் பதிலைக் கேமரா முன் சொன்னார். அந்தப் பதிலைத் தீவுக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், தீவிலேயே தங்கினார்கள். எல்லாம் படத்தால் என்று சொல்லமாட்டேன். மீன் இருந்தது, பிடிவாதம் இருந்தது, ஏற்கெனவே கூடிப் பேசிக்கொண்டும் இருந்தார்கள்.

தனித்தனியாகப் பார்த்தால் அந்த 27 படங்களும் சுமார்தான். விழாவுக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள். அங்கேதான் வலிக்கிறது. மக்களுக்குப் பயன்பட்ட படம் நமக்கு அலுப்பாக இருக்கிறது; நம்மை உலுக்கிய படத்தால் அந்த மக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசி இருக்கை அவர்களே, பட்வர்தன் படத்தில் அந்தக் குடிசைப் பெண் கேட்ட கேள்விக்கு ஒரே ஒருவர் பதில் சொன்னார் என்றால் அது காலின் லோ. அவர் பெயர் உங்கள் விழா நிரலில் இருக்காது.

---

புதுக்கண் எழுதியது:

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இதெல்லாம் தேவையே இல்லை அல்லவா? குரலை உருவாக்கலாம், முகத்தை மாற்றலாம். சம்மதப் பிரச்சினை தீர்ந்தது.

---

வெட்டுமேசை எழுதியது:

தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. ‘ரோட்ரன்னர்’ (2021) படத்தில், இறந்துபோன அமெரிக்கச் சமையல் கலைஞர் ஆந்தனி போர்டேன் எழுதிய சில வரிகளை அவர் குரலிலேயே கணினியில் பேசவைத்துவிட்டு, பார்வையாளருக்குச் சொல்லாமல் விட்டார்கள். பின்னால் தெரியவந்து சண்டையாயிற்று. அதே வகைத் தொழில்நுட்பத்தை ‘வெல்கம் டு செச்னியா’ (2020) எப்படிக் கையாண்டது பாருங்கள். ரஷ்யாவின் செச்னியாவில் தன்பாலின ஈர்ப்புக்காக வேட்டையாடப்பட்டுத் தப்பியோடுகிறவர்களின் முகத்தின் மேல், தன்னார்வலர்கள் கொடுத்த முகங்களைப் பொருத்தினார்கள். படத் தொடக்கத்திலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். ஓரம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், மாற்றுமுகம் என்று கண்ணுக்கே தெரியும். அவர்களில் ஒருவர் வெளிப்படையாகப் புகார் கொடுக்க முன்வரும் காட்சியில், அந்த முகம் கரைந்து சொந்த முகம் வெளியே வரும். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து நடந்தேன்.

---

நெறியாளர்: செயற்கை நுண்ணறிவுக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே தொடருங்கள்.

---

இரண்டாம் காட்சி எழுதியது:

முதல் படம் கேட்டதற்குத் திரும்புவோம். உங்கள் சிக்கலின் இரண்டு பக்கத்தையும் ஒரே இயக்குநர் எடுத்திருக்கிறார்: சிலியின் மைத்தே அல்பெர்தி.

‘தி மோல் ஏஜென்ட்’ (2020) முதியோர் இல்லத்தில் நடக்கிறது. துப்பறியும் நிறுவனம் ஒன்று 83 வயதுக்காரர் ஒருவரை உளவாளியாக இல்லத்தில் சேர்க்கிறது. முதுமை பற்றிப் படமெடுக்கிறோம், புதிதாக யாராவது சேர்ந்தால் அவரையும் எடுப்போம் என்று இல்லத்திடம் சொல்லிவிட்டுக் குழு முன்னதாகவே உள்ளே போய்விட்டது. பொய்தான். ஆனால் அந்த உளவாளித் தாத்தா குற்றத்தைத் தேடப் போய், தனிமையைக் கண்டுபிடித்துவிட்டு வருகிறார். கடைசியில் படம் உண்மையிலேயே முதுமையைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. இதைப் பார்த்து நீங்களும் இப்படிச் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் எப்படி எடுத்திருக்கிறார் என்று பாருங்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று பாருங்கள்.

உங்களுக்கு வேண்டியது ‘தி எடர்னல் மெமரி’ (2023). மறதி நோய்க்கு ஆளான அகுஸ்தோ கோங்கோராவும் அவர் மனைவியும். அவர் சாதாரண ஆள் அல்ல. சிலியின் சர்வாதிகாரக் காலத்தில் மக்கள் பட்ட துயரைப் பதிவு செய்த பத்திரிகையாளர். படமெடுக்க முதலில் தயங்கியது மனைவி, சம்மதித்தது அவர். எத்தனையோ பேர் தங்கள் வலியை எனக்குக் காட்டியிருக்கிறார்கள், நான் என்னுடையதைக் காட்டாமல் எப்படி இருப்பது என்பதே அவர் நிலை. பெருந்தொற்றுக் காலத்தில் குழு உள்ளே போக முடியாதபோது, மனைவியே கேமராவை வாங்கி எடுத்தார். இரவில் அவர் குழம்பித் தவிக்கும் காட்சிகள் அப்படி வந்தவை. ஃபோகஸ்கூடச் சரியாக இருக்காது. ஓர் ஒளிப்பதிவாளர் அந்த அறையில் நின்றிருந்தால் அது ஆபாசமாகியிருக்கும்.

உங்கள் ஆசிரியை மறதி வருவதற்கு முன்னால் எப்படிப்பட்டவர், கேமரா முன் நிற்க விரும்பியிருப்பாரா என்று அவரை அப்போது அறிந்தவர்களிடம் கேளுங்கள். மாணவர்கள் இருப்பார்களே.

---

முதல் படம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இதற்குள் சில செய்தேன், சொல்லிவிடுகிறேன்.

மகளுக்குச் சில நிமிடக் காட்சிகளை அனுப்பினேன். நீண்ட தொலைபேசி அழைப்பு வந்தது. இலக்கணம் கேட்டு அதட்டும் இடத்தைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார், ‘அம்மா அப்படியே இருக்கிறாள்’ என்றார். மாலைக் காட்சிகள் எதுவும் வேண்டாம் என்றும் சொன்னார். பழைய மாணவர் ஒருவரைப் பிடித்துவிட்டேன். பள்ளிப் புகைப்படம் எடுக்கிற நாளில் அந்த ஆசிரியை விடுப்பு எடுத்துவிடுவாராம், ஒரு ஆண்டுப் படத்தில்கூட அவர் இல்லையாம்.

என்ன செய்வது என்று யோசித்து, முகத்தை எடுப்பதை நிறுத்திவிட்டேன். குரல் மட்டும், காலையில் மட்டும். மற்றவர்கள் அவரிடம் இலக்கணப் பாடம் கேட்டு மாட்டிக்கொண்டு விழிக்கும் முகங்களை எடுக்கிறேன். படத்தின் உயிரே போய்விட்டது என்று ஒளிப்பதிவாளர் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது பேசுகிறார்.

---

திரைமறைவு எழுதியது:

விழாவில் தேர்வாகாது. ஆனால் பார்க்க ஆசையாக இருக்கிறது.

---

கடைசி இருக்கை எழுதியது:

அந்த முதலாளியின் சாப்பாட்டு மேசை இன்னும் பாக்கி இருக்கிறது என்பதை மட்டும் எல்லோருக்கும் நினைவூட்டிவிடுகிறேன். ஒரு அமைச்சரைக் காட்டிவிட்டு இழையை மூடப் பார்க்கிறீர்கள்.

முதல் படம், எங்கே முதலில் திரையிடப் போகிறீர்கள்?

---

முதல் படம் எழுதியது:

இல்லத்துக் கூடத்தில்தான். புரொஜெக்டர் இரவல் கிடைத்துவிட்டது. வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

---

ஒலிக்கோல் எழுதியது:

ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வைக்காதே, கூடத்தின் நடுவில் வை. செவிக்கருவி போட்டிருப்பவர்களுக்குப் பின்னணி இசை பேச்சை விழுங்கிவிடும். அந்தத் திரையிடலுக்கு மட்டும் இசையைப் பாதியாகக் குறைத்துத் தனி மிக்ஸ் எடுத்துக்கொள். வசன எழுத்து போடுவதாக இருந்தால் நீ நினைப்பதைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கட்டும். சாயங்காலம் வேண்டாம், காலையில் போடு.